ரொமில்டா வீட்டுப் பொட்டி

அண்ணாச்சி, காலைக் கொஞ்சம் அந்தப் பக்கம் மடக்கி வச்சுக்கிடுங்க. கோவிச்சுக்காதீங்க, செருப்பு பொட்டி மேல படுது. இல்ல இல்ல, பீரோ இல்ல. கோழிக்கூடும் இல்ல, கண்டக்டரும் ஏறும்போது அதைத்தான் கேட்டாரு. ஸ்பீக்கர் பொட்டி. லக்கேஜ் டிக்கெட் போட்டிருக்கேன், பாருங்க.

எனக்குத் தூத்துக்குடி. கிளிட்டஸ் கர்வாலோன்னு பேரு. பகல்ல துறைமுகத்துப் பக்கம் ஒரு ஆபீஸ்ல கிளார்க்கு, மிச்ச நேரமெல்லாம் ஹெவி மெட்டல் கிட்டார். முடியை விரிச்சுப் போட்டுத் தலையை ஆட்டிக்கிட்டு, தொண்டை கிழியக் கத்துவாங்கல்லா, அதேதான். எங்க குரூப்புக்கு முதல்ல கருங்கடல் சாத்தான்கள்னு பேரு வச்சோம். டிரம்ஸ் அடிக்கிற போனிபாஸோட அம்மா அந்தப் பேரைக் கேட்டுட்டு வீட்டுல சோறு போட மாட்டேன்னுட்டாவ. இப்ப கருங்கடல் சம்மனசுகள், அதாவது தேவதூதர்கள். பேருல என்ன இருக்கு, வாசிக்கதுலதானே எல்லாம்.

அந்தா முன்னாடி மஞ்சச் சேலை தெரியுதுல்லா, ஜன்னலோரம்? அதான் என் பொஞ்சாதி, ரொமில்டா. ஆமா, தனியாத்தான் உக்காந்திருக்கா. பொட்டிக்குப் பக்கத்துல ஒரு ஆள் இருக்கணுமே, அதனால நான் இங்க. அது மட்டும் இல்ல, காலையில இருந்து எங்களுக்குள்ள பேச்சுவார்த்தை கிடையாது. இன்னைக்குச் சாயங்காலம் மதுரையில ஒரு காலேஜ்ல போட்டி. பெரிய பெரிய குரூப்பெல்லாம் வாரான். மேடையில அவ இந்தப் பொட்டி மேல ஏறி உக்காரணும். உக்காந்தாத்தான் எனக்கு டோன் வரும், அதான் கிட்டாருக்கு உண்டான சரியான சத்தம். உக்கார மாட்டேன்னுட்டா. அவ உக்காரலைன்னா நான் செத்தேன், அண்ணாச்சி.

சிரிக்காதீங்க. முழுசாக் கேளுங்க. நியாயம் யார் பக்கம்னு நீங்களே சொல்லுங்க.

முதல்ல ஒண்ணு வெளங்கிக்கிடணும். ஊருல எல்லாவனும் மெட்டல் சத்தம் கிட்டார்ல இருந்து வருதுன்னு நினைக்கான். கொஞ்சம் வெவரம் உள்ளவன் ஆம்ப், அதான் ஆம்ப்ளிஃபயர், அதுல இருந்து வருதும்பான். ரெண்டும் கிடையாது. ஆம்ப் என்ன செய்யும்? கிட்டார் சத்தத்தைப் போட்டு நொறுக்கும், அவ்வளவுதான். நொறுங்குனதை அப்படியே கேட்டா காதுக்குள்ள ஈக்கூட்டம் பூந்த மாதிரி இருக்கும். ஸ்பீக்கர்தான் அதைச் சலிக்கணும். உள்ள காகிதத்துல ஒரு கூம்பு இருக்குல்லா, அது கீச்சு கீச்சுங்கிற சத்தத்தை வெளிய விடாது. நடுச்சத்தத்தைப் புடிச்சு முன்னாடி தள்ளும். அப்பதான் உறுமல் வரும். இப்ப வர்ற புது ஸ்பீக்கரு எவ்வளவு அடிச்சாலும் வெறப்பா நிக்கும். எனக்கு எதுக்கு அது? பழசுக்குப் பவர் கம்மி. ஓங்கி அடிச்சா காகிதமே தாங்க மாட்டாமக் கத்தும். அந்தக் கத்தல்தான் மெட்டல். அதுவும் வருஷக்கணக்காப் பாடிப் பாடிக் காகிதம் இளகியிருக்கணும். பழகுன தோசைக்கல்லு மாதிரின்னு வச்சுக்கிடுங்களேன். புதுக்கல்லுல தோசை ஊத்துனா என்ன ஆகும்னு உங்க வீட்டுல கேட்டுப் பாருங்க, சொல்லுவாவ.

அப்படி ஒரு ஸ்பீக்கருக்காக நான் அலையாத எடம் இல்ல. பழைய இரும்புக் கடை, மைக்செட் கடை, கப்பல் உடைச்ச சாமான் விக்கிற எடம், எல்லாம் பாத்தாச்சு. அந்தச் சமயத்துலதான் எங்கம்மா, "ஏல, ஒனக்கு ஒரு பொண்ணு பாத்திருக்கு, வந்து பாரு"ன்னு கையைப் புடிச்சு இழுத்துக்கிட்டுப் போனாவ.

பொண்ணு வீட்டுல முன்னறையில உக்கார வச்சாவ. நடுவுல பூப்போட்ட துணி விரிச்சு, அது மேல தட்டுல மக்ரூனும் கேக்கும். பொண்ணு காப்பியோட வாரா. நான் மக்ரூன் எடுக்கக் கை நீட்டுதேன், துணி கொஞ்சம் வெலகுது. உள்ள கோதுமை நெறத்துல ஒரு வலைத்துணி. அது மேசை இல்ல, அண்ணாச்சி. உள்ள நாலு ஸ்பீக்கர் வச்ச ஒரு பொட்டி!

அப்புறம் நான் எங்க பொண்ணைப் பாக்க? கைக்குட்டையைக் கீழ போட்டுக் குனிஞ்சு பாக்கேன். பின்பலகையில ஒரு இடுக்கு. இடுக்குக்குள்ள பச்சை. காந்தத்துக்குப் பச்சை மூடி போட்டிருந்தா அது அந்தக் காலத்து இங்கிலாந்து ஸ்பீக்கர், இதுல சந்தேகமே கிடையாது. நான் குனிஞ்ச தலை நிமிரல. பொண்ணோட அத்தை ஒருத்தி, "பையனுக்கு என்ன கூச்சம் பாத்தியளா, பொண்ணு காலைத்தான் பாக்கான்"னு எல்லார்கிட்டயும் சொல்லிச் சொல்லிப் பூரிச்சுப் போறாவ.

பொண்ணோட அப்பா வாஸ் மாமா துறைமுகத்துல வேலை பாத்தாவ. ஏதோ ஒரு கப்பல்ல வந்த பாட்டுக் கோஷ்டிக்காரங்ககிட்ட இருந்து அந்தக் காலத்துலயே இதை வாங்கியிருக்காவ. எழுவத்தி மூணாம் வருஷத்துப் பொட்டி. அதுல இருந்து சப்பரம், ஜெபக்கூட்டம், கிறிஸ்மஸ் பாட்டுன்னு எல்லாத்துக்கும் இதுதான். நல்லாப் பாடிப் பழகுன காகிதம். மாதா பாட்டாப் பாடிப் பக்தி ஏறிப் போயிருக்குமோன்னு மட்டும் எனக்கு ஒரு சின்னப் பயம்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா, "பொண்ணு எப்படில?"ன்னாவ. நான், "நல்ல அகலம்மா, கனமும் நல்ல கனம்"னேன். முதுகுல ஒண்ணு வச்சாவ பாருங்க. எப்படியோ, சம்மதம்னுட்டேன். அவளும் சம்மதம்னுட்டா. குனிஞ்ச தலை நிமிராத பையன், நல்லவனாத்தான் இருப்பான்னு நினைச்சிருக்கா, பாவம்.

நிச்சயம் முடிஞ்சு அடுத்த வாரமே கிட்டாரையும் ஆம்பையும் தூக்கிக்கிட்டு அவ வீட்டுக்குப் போயிட்டேன். "மாமா, ஒரே ஒரு பாட்டு, அந்தப் பொட்டியில வாசிச்சுக் காட்டுதேன்." மாமாவுக்குச் சந்தோஷம், மருமகன் இங்கிலீஷ் மாதா பாட்டு வாசிக்கப் போறான்னு. ரொமில்டா பொட்டி மேல உக்காந்து கடலை உடைச்சுத் தின்னுக்கிட்டிருக்கா. "கொஞ்சம் எந்திரிக்கியா?"ன்னேன். "இது சின்னப்புள்ளையில இருந்து என் எடம். நீங்க வாசிங்க, நான் ஒண்ணும் தடுக்கலையே"ன்னுட்டா.

சரின்னு வயரை மாட்டினேன். ஒரு அடி அடிச்சேன்.

ஐயோ அண்ணாச்சி! எப்படிச் சொல்லுவேன்! ஜுகு ஜுகு ஜுகுன்னு அடிவயித்துல இருந்து வருது. கீச்சு கிடையாது, கலங்கல் கிடையாது. பக்தியும் இருக்கு, உறுமலும் இருக்கு. என் கண்ணுல தண்ணி வந்துட்டு. அவ அத்தை சிலுவை போட்டாவ. மாமா எந்திரிச்சு மெயின் சுவிட்சுக்கிட்டப் போய் நின்னுக்கிட்டாவ. ரொமில்டா மட்டும் அசரல. கடலைத் தோலை ஊதிட்டு, "கிரைண்டருக்குள்ள கரண்டி மாட்டுன மாதிரி இருக்கு"ன்னா.

"நல்லாருக்கா?"ன்னு கேட்டேன்.

"இன்னொரு தடவை வாசிங்க, சொல்லுதேன்"னா. அஞ்சாறு தடவை வாசிக்க வச்சா. சொல்லவே இல்ல.

அந்தச் சந்தோஷத்துல நேரா போனிபாஸ்கிட்டப் போயி, "மக்கா, அந்தப் பொட்டிக்காக நான் யாரை வேணும்னாலும் கட்டிக்கிடுவேன்"னுட்டேன். ஒரு பேச்சுக்குச் சொல்லுததுதானே. யார்கிட்டச் சொல்லுதோம்னு யோசிச்சிருக்கணும். பய டிரம்ஸை அடிச்சான்னா ஊரு இடியும், ஆனா தெனமும் பூசைக்குப் போற ஆளு.

எங்க கோயில்ல ஓலை வாசிக்கதுன்னு ஒரு முறை உண்டு. கல்யாணத்துக்கு முன்னாடி மூணு ஞாயித்துக்கிழமை, பூசையில சாமியார் மாப்பிள்ளை பொண்ணு பேரை வாசிப்பாரு. இந்தக் கல்யாணத்துக்குத் தடை ஏதும் இருக்குன்னு தெரிஞ்சவங்க வந்து சொல்லணும், தெரிஞ்சும் மறைக்கது பாவம்னு சொல்லுவாரு. யாரும் ஒண்ணும் சொன்னது கிடையாது. நம்ம பேரு வருதான்னு கேட்டுட்டு எல்லாரும் வீட்டுக்குப் போயிருவோம்.

முதல் ஓலை. என் பேரை வாசிச்சாரு, அவ பேரை வாசிச்சாரு. போனிபாஸ் எந்திரிச்சுட்டான். அவன் எந்திரிச்சா தெரியாம இருக்காது, பெஞ்சும் கூடவே எந்திரிக்கும்.

"சாமி, என்னால பாவத்தைச் சுமக்க முடியாது. இவன் பொண்ணைக் கட்டல சாமி. பொட்டியைக் கட்டுதான்."

சாமியார் கண்ணாடியைக் கழட்டிட்டு, "எந்தப் பொட்டி?"ன்னாரு.

"நாலு ஸ்பீக்கர் பொட்டி சாமி. எழுவத்தி மூணாம் வருஷம், இங்கிலாந்து, பச்சை மூடி."

எல்லாரும் என்னைத் திரும்பிப் பாக்கான். எனக்குப் போனிபாஸ் மேல கோவமே வரல, அண்ணாச்சி. வருஷத்தைச் சரியாச் சொன்னான்ல.

அன்னைக்கு மத்தியானம் எங்க வீட்டு வாசல்ல ஒரு லோடு ஆட்டோ வந்து நிக்குது. மேல இந்தப் பொட்டி. முன்னாடி டிரைவருக்குப் பக்கத்துல ரொமில்டா. இறங்கி வந்தா. கண்ணெல்லாம் செவந்து கெடக்கு. தெருவே பாக்குது.

"இந்தாங்க. நீங்க பாத்துட்டுப் போன பொண்ணு இதுதான். நல்லா வச்சுக் குடும்பம் நடத்துங்க. எங்க வீட்டுப் பக்கம் இனிமே வரப்படாது."

நான் என்ன சொன்னேன்னு கேளுங்க. "மெதுவா எறக்குங்க, மூலை தட்டிரப் போவுது"ன்னேன். ஏன், அதுல என்ன தப்பு? பழைய மரம், தட்டுனா போச்சு. அவ எப்பப் போனான்னுகூட நான் பாக்கல.

உள்ள கொண்டு வச்சு, வயரை மாட்டி, சாமியைக் கும்பிட்டு ஒரு அடி அடிச்சேன். கிர்ர்ர்ருங்குது. அடியில ஒண்ணுமே இல்ல. பின்பலகை லொடலொடங்குது. அதே கிட்டார், அதே ஆம்ப், அதே விரல். எனக்கு ஒண்ணும் ஓடல. அப்புறம்தான் பொறி தட்டுச்சு. அவ வீட்டுல வாசிச்சப்ப மேல ஆள் உக்காந்திருந்துச்சு! பலகையை அமுக்க ஒரு கனம் வேணும். இது சாதாரண விஞ்ஞானம்.

ஒரு உப்பு மூட்டையைத் தூக்கி வச்சேன். சத்தம் செத்துப் போச்சு. போனிபாஸ் வந்து, காட்டிக் கொடுத்த பாவத்துக்குப் பரிகாரமா நானே உக்காருதேன்னான். உக்காந்தான். பானைக்குள்ள தலையை விட்டுப் பாடுன மாதிரி ஆயிட்டு. எங்கம்மாவை உக்கார வச்சேன். முதல் அடியிலயே இயேசுவேன்னு குதிச்சு எறங்கி, அப்புறம் அந்த அறைப் பக்கமே வரல. அரிசி மூட்டை, ஆட்டுக்கல்லு, கேஸ் சிலிண்டர், ஒண்ணுக்கும் மசியல.

எனக்குச் சோறு எறங்கல. டோன் இல்லாம எப்படி எறங்கும்? தூக்கம் இல்ல. ஆபீஸ்ல கப்பல் பேரைத் தப்புத் தப்பா எழுதுதேன். சைக்கிளை எடுத்துக்கிட்டு அவ தெரு வழியாப் போயிட்டுப் போயிட்டு வந்தேன். சும்மாத்தான். சத்தம் காத்துலதானே வருது, அந்தப் பக்கம் காத்து எப்படி இருக்குன்னு பாக்கணும்ல. ஒரு நாள் அவ மாடியில துணி காயப் போட்டுக்கிட்டிருந்தா. அன்னைக்குக் காத்து நல்லா இருந்துச்சு. எங்கம்மா, "ஏல, அந்தப் புள்ள ஞாபகமா?"ன்னு கேக்காவ. "எந்தப் புள்ளம்மா, டோனும்மா, டோனு!"ன்னு கத்திட்டேன். இவங்களுக்கெல்லாம் இசையைப் பத்தி என்ன தெரியும்?

கடைசியில சாமியார்கிட்டப் போயி விழுந்தேன். "சாமி, மிச்ச ஓலையையும் வாசிச்சிருங்க." அவரு ரொமில்டாவையும் வாஸ் மாமாவையும் கூப்பிட்டு விட்டாரு. ரெண்டு பேரும் வந்து நிக்காவ. ரொமில்டா என்னைப் பாக்கல, சுவத்தைப் பாத்துக்கிட்டு நிக்கா. மெலிஞ்சிருந்தா.

சாமியார் கேட்டாரு. "கிளிட்டஸ், மாதா மேல ஆணையாச் சொல்லு. ஒனக்குப் பொட்டி வேணுமா, பொண்ணு வேணுமா?"

மாதா மேல ஆணைன்னா பொய் சொல்ல முடியுமா? "சாமி, பொட்டி மேல பொண்ணு வேணும்"னேன்.

வாஸ் மாமா கையை ஓங்கிட்டாவ. சாமியார் நடுவுல புகுந்துட்டாரு. நான் விடல, எல்லாத்தையும் சொல்லிட்டேன். அவ உக்காந்தா வருது சாமி, எந்திரிச்சா போயிருது சாமி, எனக்குச் சாப்பாடு எறங்கல சாமின்னு.

ரொமில்டா அப்பதான் திரும்புனா. "வேற யாரையாவது உக்கார வச்சுப் பாத்தியளா?"

"எல்லாரையும் உக்கார வச்சுப் பாத்துட்டேன்."

மொகம் மாறிட்டு. "எல்லாரையும்னா? யாரை எல்லாம்?"

"எங்கம்மா. போனிபாஸ். அப்புறம் ஒரு உப்பு மூட்டை."

சிரிச்சா பாருங்க! வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்கா, சுவத்துல சாஞ்சு சிரிக்கா, கண்ணுல தண்ணி வரச் சிரிக்கா. சாமியாரும் தும்முத மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டாரு. எதுக்குச் சிரிச்சான்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. அடுத்த ஞாயிறு ரெண்டாவது ஓலை வாசிச்சாச்சு. போனிபாஸை ரெண்டு பக்கமும் ரெண்டு பேர் புடிச்சுக்கிட்டு உக்காந்தாவ.

மூணாவதும் வாசிச்சு, கல்யாணமும் ஆச்சு. அதுல இருந்து எல்லா மேடையிலயும் அவதான். நாங்க கறுப்புச் சட்டை போட்டுக்கிட்டுப் பேய் மாதிரி ஆடுவோம். நடுவுல பொட்டி மேல பட்டுச்சேலையும் பிச்சிப்பூவும் வச்சுக்கிட்டு இவ கடலை தின்னுவா. சனம் முதல்ல முழிக்கும், அப்புறம் கைதட்டும். தட்டுதது டோனுக்குத்தான், வேற எதுக்கு?

கல்யாணத்துக்கப்புறம் ஒரு நாள் போனிபாஸ் பின்பலகையைக் கழட்டிப் பாத்துட்டு, ஆணி எல்லாம் விழுந்து கெடக்குன்னு புது ஸ்குரூவா வாங்கி முறுக்கிட்டான். "மக்கா, இப்ப கல்லு மாதிரி நிக்குது. தங்கச்சி இனிமே மேல உக்கார வேண்டாம்"ங்கான். வாசிச்சுப் பாத்தோம். மத்தவனெல்லாம் அதே டோன்தான்னு சாதிக்கான். செவிட்டுப் பயலுவ! எனக்குத் தெரியாதா? ஏதோ ஒண்ணு கொறையுது. ரொமில்டாவைக் கூப்பிட்டு உக்கார வச்சேன். சரியாப் போச்சு. இப்படி நுணுக்கமாக் கேக்கதுக்குக் காது வேணும் அண்ணாச்சி.

இப்ப சண்டைக்கு வாரேன். இன்னைக்குப் போட்டிக்குப் போஸ்டர் நான்தான் போட்டேன். பாடுறவன் பேரு, பாஸ் கிட்டார் பேரு, டிரம்ஸ் போனிபாஸ், கிட்டார் கிளிட்டஸ். அதுக்குக் கீழ பெருசா, ஸ்பீக்கர் பொட்டி, எழுவத்தி மூணு, இங்கிலாந்து. காலையில அதைப் பாத்துட்டு ரொமில்டா ஒரு வார்த்தைதான் கேட்டா. "பொட்டிக்குப் பேரு போட்டிருக்கியளே, எனக்கு?"

"நீ என்ன வாசிக்கே? உக்காந்துதானே இருக்கே"ன்னேன். உண்மையைத்தானே சொன்னேன்?

அவ்வளவுதான். "அப்ப இன்னைக்கு உக்காரல. நீங்களும் உங்க இங்கிலாந்தும் வாசிங்க"ன்னு சொல்லிட்டு முன்னாடி ஏறி உக்காந்துட்டா. நீங்க சொல்லுங்க, நியாயம் யார் பக்கம்? எனக்குப் போட்டி தோத்தாக்கூடப் பரவாயில்ல. அவ முன்னாடி தனியா உக்காந்து ஜன்னலையே பாத்துக்கிட்டு வாரது எனக்கு என்னமோ பண்ணுது. டோனுக்காகத்தான் சொல்லுதேன்.

அருப்புக்கோட்டை வந்துட்டு. அடேயப்பா, என்ன கூட்டம்! அண்ணாச்சி, அந்த ஆள் பொட்டி மேல சாயுதாரு பாருங்க. சார், சார், அது சுவரு இல்ல சார்!

ஏய், அவ ஏன் எந்திரிக்கா? மதுரை வரலையே. ஓ, கைப்புள்ளக்காரி ஒருத்தி ஏறியிருக்கா, அவளுக்கு எடம் விட்டுட்டா. ஐயையோ, இங்கதான் வாரா. அண்ணாச்சி, நீங்க பேச்சுக் குடுங்க, நான் ஜன்னலைப் பாக்கேன்.

வா ரொமில்டா. இல்லையே, அண்ணாச்சிக்கிட்டச் சும்மா ஊர்க்கதை பேசிக்கிட்டு வந்தேன். உன்னைப் பத்தியா? சேச்சே. பொட்டியைப் பத்தித்தான். நிக்காத, ஆட்டுது பாரு, விழுந்துருவ. நான் எந்திரிக்கேன், என் சீட்டுல உக்காரு. வேண்டாமா? அப்ப பொட்டி மேலயா? இரு இரு, துண்டை விரிக்கேன், அழுக்கா இருக்கும். உக்காரு. கம்பியைப் புடிச்சுக்கோ.

ரொமில்டா, அந்தப் போஸ்டரு. அழிச்சு வேற போட்டுருவோம். ஒம் பேரை எங்க போடட்டும்? பொட்டிக்கு மேலயா? சரி, அதானே முறை. என் பேருக்கும் மேலயா? சரி, சரி, போட்டுருவோம். சிரிக்காத.

அண்ணாச்சி. இங்கன கொஞ்சம் காதைக் குடுங்க. பஸ்ஸு எஞ்சின் சத்தத்தைக் கேளுங்க. இவ்வளவு நேரமும் லொடலொடன்னுதானே வந்துச்சு? இப்ப கேளுங்க. நல்லாக் கேளுங்க. மாறிட்டுல்லா?